நெல்லளவு கருகல்

ஆகஸ்ட் 1, வியாழன்

மலையில் புதிதாகப் பறித்த காய், புது எடுப்பு, வந்துவிட்டது. மண்டியிலிருந்து இரண்டு மூட்டை ஏலக்காய் இறக்கினார்கள். முறத்தில் கொட்டிப் பார்த்ததும் முகம் சுளித்துவிட்டது. எல்லாம் வெளுத்த காய். போடி ஊரில் இத்தனை வீட்டில் காய் பொறுக்குகிறார்கள், வெளுத்தது மட்டும் என் வீடு தேடி வருகிறது. மண்டிக்காரர் சௌந்தரபாண்டிக்குப் போன் போட்டேன். "மலையிலருந்து எறங்குன காய அப்படியே அனுப்பிருக்கேன்க்கா. கிளிப்பச்சையா இருக்கு" என்றார். மண்டியில் பச்சையாக இருந்த காய் ஆட்டோவில் வரும்போது வெளுத்துவிட்டதாக்கும்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவளில்லை. ஆனால் குருவம்மாள் பார்த்துக் கட்டிய மூட்டை என்றால் ஏலத்தில் கை விட்டுக் கிளறாமல் வாங்குவார்கள். பொம்பளைகள் பொறுக்கி முடித்து வீட்டுக்குப் போனபின், பொழுது சாயும் நேரத்தில் கடைசிப் பார்வை நான்தான் பார்ப்பேன். அதை வேறு யாருக்கும் விட்டதில்லை.

சாயங்காலம் தங்கமாயன் வந்தான். என் மகள்வழிப் பேத்தி வினோதினிக்குப் பேசி வைத்திருக்கும் பையன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, மைக் செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். சாரல் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிறதே என்று பாட்டரியில் எரிகிற விளக்கு ஒன்று செய்து வந்தான். நீளமான வெள்ளைப் பட்டை விளக்கு. பக்கத்தில் ஒரு குமிழ். திருகினால் கூடும், குறையும்.

"முக்கால்வாசி வச்சாப் போதும் அம்மாச்சி, நல்லாத் தெரியும்" என்றான்.

எனக்குத் தெரிகிறதா இல்லையா என்பதை இவன் எப்படிச் சொல்லலாம்? பேசும்போதெல்லாம் சிரிக்கிறான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மகள் சுந்தரியும் மருமகனும் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். இருவருக்கும் தோட்டத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். ஆடி முடிந்து ஆவணியில், 25ஆம் தேதி வினோவுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்வது என்று பேச்சு. "நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிச்சுரலாம் அத்தை" என்றார் மருமகன். கைக்குழந்தையிலிருந்து வினோவை வளர்த்தவள் நான். அதனால் கேட்கிறார். பார்க்கலாம் என்றேன்.

பூ வைப்புக்கு எனக்கு நீலத்தில் ஒரு சேலை எடுத்து வரச் சொல்லியிருந்தேன். சாம்பல் நிறத்தில் எடுத்து வந்திருக்கிறாள். நீலம்தான் என்று ஆத்தாளும் மகளும் ஒரே குரலில் சாதிக்கிறார்கள். கடைக்காரன் ஏமாற்றியதை ஒத்துக்கொள்ள வெட்கம்.

இந்த டைரியில் கோடு அடித்தவனும் மையை மிச்சம் பிடித்திருக்கிறான். இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

கடைசிப் பார்வை பார்த்துக்கொண்டிருக்கும்போது குமிழ்ப் பக்கம் கரிந்த வாடை. இரண்டு தடவை மினுக்கிவிட்டு விளக்கு அணைந்துவிட்டது. செய்து கொடுத்து ஒரு வாரம் ஆகவில்லை.

வினோ போன் போட்டாள். கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வந்து நிற்கிறான். தலை வாரி, சட்டை மாற்றி! பெட்டியைத் திறந்து குமிழுக்குக் கீழே இருந்த வட்டமான சாமானைக் கழற்றினான். கடையில் அதை 'வால்யூம்' என்கிறார்கள். வினோ பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவள், அதனால் 'பொட்டென்ஷியோமீட்டர்' என்று வாய் நிறையச் சொல்கிறாள். வேறொன்றை மாட்டினான். காப்பி குடித்தான். அவன் காப்பி குடித்து முடிக்க இவ்வளவு நேரமா?

பூ வைக்கும்வரை, அதுவும் ஆடியில், பையன் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். விளக்கு கெட்டுப்போனால் வரலாம் அல்லவா? எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

ஆகஸ்ட் 8, வியாழன்

விளக்கு எரிகிறது. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

ஆகஸ்ட் 10, சனி

மறுபடியும் அதே வாடை, அதே மினுக்கல். நான் நினைத்தது சரிதான்.

இந்த முறை கரிந்த வால்யூமை அவன் பையில் போட விடவில்லை. "இங்க குடு" என்று வாங்கினேன். போன தடவை கழற்றியதையும் நாளைக்கே கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் வெற்றிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டப் போகிறேன்.

"மட்டமான சாமானப் போட்டியாடா?"

"இல்ல அம்மாச்சி. கம்பி சுத்துன நல்ல வால்யூம். ரெண்டு வாட்டு. இந்த வெளக்குக்கு எந்த எடத்துல நிறுத்துனாலும் அதுல விழுற சூடு ஒரு வாட்டக்கூடத் தொடாது. கணக்குப் போட்டுத்தான் மாட்டுனேன்."

"ஒரு வாட்டு சூட்டுக்கு ரெண்டு வாட்டு சாமானு. அப்புறம் ஏன் கருகுது?"

தலையைச் சொறிந்தான். முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. காய் பொறுக்க வருகிற லூர்து சும்மா இருக்காமல், "மாப்ள வந்து வந்து போறதுல வெளக்குக்கே வெக்கமாப் போச்சு மதினி, அதான் அணைஞ்சிருது" என்றாள். வினோ முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லூர்துவுக்கும் இதில் பங்கு இருக்குமோ?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

லூர்துவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போனேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. இப்போதெல்லாம் பஸ் போர்டில் பொடி எழுத்தாக எழுதுகிறார்கள், யாருக்காக எழுதுகிறார்களோ. கண்டக்டரிடம் கேட்டு ஏறினோம்.

தேனியில் பெரிய ரேடியோக் கடைக்குப் போய், கரிந்த இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். "இது போலியா, அசலா, அதச் சொல்லு தம்பி."

புரட்டிப் பார்த்தான். "அசல்தான் பாட்டிம்மா. நூறு ஓம், ரெண்டு வாட்டு. நல்ல கம்பெனிச் சாமான்."

"அப்படின்னா இத விடப் பெருசா ஒண்ணு குடு. கருகவே கூடாது."

"அஞ்சு வாட்டு தாரேன். யானை மாதிரி நிக்கும்."

வாங்கி வந்து மாயன் கையில் கொடுத்தேன். "இது என் சாமானு. என் கண்ணு முன்னாடி மாட்டு." மாட்டினான். இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. இனி கெட்டால் சாமானைச் சொல்லித் தப்ப முடியாது, அவன் கையைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

மண்டிக்காரர் போன். போன வாரம் நான் வெளுத்தது என்று ஒதுக்கி அனுப்பிய பையைப் பிரித்தாராம். "என்னக்கா, மொதல் தரத்தப் பூராம் கழிவுல போட்டுருக்கீங்க?" என்கிறார். அவர் அனுப்பியதை நான் பார்த்தேன், நான் அனுப்பியதை யார் யார் பார்த்தார்களோ. வழியில் பையை மாற்றியிருக்கிறார்கள். ஆட்டோக்காரனை விசாரிக்க வேண்டும்.

இன்றைக்கு இன்னும் கவனமாகப் பார்த்தேன். விளக்கைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

யானை விழுந்துவிட்டது. ஐந்து வாட்டும் கரிந்துவிட்டது.

மாயன் வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் வினோவைப் பார்த்துக் கேட்டான்: "பொட்டிய யாராச்சும் தொறந்து நோண்டுறாங்களா?"

என் வீட்டில், என் முன்னால்! "ஏண்டா, வேல தெரியாதவன் வெளக்கச் செஞ்சுட்டு, எங்க வீட்டு ஆளுகமேல பழி போடுறியா?"

"அப்படிச் சொல்லல அம்மாச்சி. அஞ்சு வாட்டு கருகுறதுக்கு வழியே இல்ல. அதான்..."

"வழியில்லாமயா கருகிக் கெடக்கு? எந்திரி. வெளக்கு இங்கயே கெடக்கட்டும்."

போய்விட்டான். பாதிக் காப்பி டம்ளரில் அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மகளிடமும் மருமகனிடமும் சொல்லிவிட்டேன். ஒரு விளக்கை ஒழுங்காக எரிய வைக்கத் தெரியாதவன், கேட்டால் வீட்டுப் பொம்பளைகளைச் சந்தேகப்படுகிறவன், இவனை நம்பிப் பெண்ணைக் கொடுக்க முடியாது.

மருமகன் சொன்னார்: "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை. வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு எறங்கி வாரேன். அவுக வீட்டுக்கு நேர்ல போயி, வேணாம்னு சொல்லிருவோம். போன்ல சொன்னா மரியாதையா இருக்காது."

வினோ எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். சாப்பிடவும் இல்லை. ரிப்பேர் கடைக்காரனுக்காக என் கையால் வைத்த குழம்பை வேண்டாம் என்கிறாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வீட்டு டியூப் லைட்டில்தான் கடைசிப் பார்வை. காயை மூக்கில் வைத்தும் விரலால் நசுக்கியும் பார்த்தேன். வாசம் முதல் தரமாக இருக்கிறது. நிறம்தான் இல்லை. இதை எங்கே போய்ச் சொல்ல.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பாலிடெக்னிக்கிலிருந்து வந்ததும் வினோ வெற்றிலைப் பெட்டிச் சாவியைக் கேட்டாள். பேச்சில்லாமல் இருந்தவள் வாயைத் திறந்தாளே என்று கொடுத்தேன். அதிலிருந்த இரண்டு வால்யூமையும், விளக்கிலிருந்து கழற்றிய மூன்றாவதையும் ஸ்குரு டிரைவரால் நெம்பித் திறந்து, வாசல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தாள். லூர்துவும் மற்றவர்களும் முறத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே வளையல் மாதிரி ஒரு வளையம், அதில் நெருக்கமாகக் கம்பி சுற்றியிருக்கிறது. அதன்மேல் ஒரு சின்ன நாக்கு நகர்கிறது. குமிழைத் திருகினால் நகர்வது அந்த நாக்குதான்.

"மூணும் எங்க கருகிருக்குன்னு பாரு அம்மாச்சி."

"நீயே சொல்லு. எனக்கு நேரமில்ல."

"மூணுமே ஒரே எடத்துல. கடைசிக்கு ஒரு நெல்லளவு முன்னாடி. மிச்ச வளையமெல்லாம் புதுசு மாதிரி இருக்கு."

"அதுனால?"

"ரெண்டு வாட்டுன்னு எழுதியிருக்கிறது முழு வளையத்துக்கும் சேர்த்து. கரண்டு முழு வளையத்துலயும் ஓடுனாத்தான் அந்த ரெண்டு வாட்டத் தாங்கும். திருகத் திருக, அது ஓடுற தூரம் குறையும். கடைசியில ஒரு ஓரந்தான் மிச்சம். அந்த ஓரத்துக்கு அதோட பங்குச் சூட்டத்தான் தாங்க முடியும். ஆனா வெளக்கு பிரகாசமா எரிய எரிய கரண்டு கூடிக்கிட்டே போகுது. அம்புட்டும் அந்த ஓரம் வழியாத்தான் போகணும்."

புரிந்தது. ஆறு பேர் உட்கார்ந்து பொறுக்குகிற மூட்டையை, ஐந்து பேரை எழுப்பி அனுப்பிவிட்டு மூலையில் இருக்கிற ஒருத்தி மடியில் கவிழ்க்கிற மாதிரி. அப்படியே சொன்னேன். "அதேதான்" என்றாள். எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

காகிதத்தில் கணக்குப் போட்டாள். "ரெண்ட நூறால வகுத்து, வர்க்கமூலம் எடுத்தா... நூத்தி நாப்பது மில்லி ஆம்பியர். நாக்கு எந்த எடத்துல நின்னாலும் அதுக்கு மேல கரண்டு போகக்கூடாது. நீ வாங்குன அஞ்சு வாட்டுக்கும் இருநூத்தி இருபதுதான். வெளக்கு முழுசா எரிஞ்சா நானூறு இழுக்கும். மாயன் மொத்தச் சூட்ட மட்டும் கணக்குப் பாத்துருக்கு. கரண்டுக்கு ஒரு எல்லை இருக்குன்னு பாக்கல."

"அப்ப அவன் தப்புத்தான?"

"பாதி. முக்கால்ல வச்சா கருகவே கருகாது அம்மாச்சி. யாரோ கடைசி ஓரம் வரைக்கும் திருகிருக்காங்க."

லூர்து உடனே கையை விரித்தாள். "ஆத்தாடி, எங்களச் சொல்லாத. முக்காலுக்கு மேல வச்சாலே எங்களுக்குக் கண்ணு கூசுது. நாங்க அந்தப் பக்கம் போறதே இல்ல."

வினோ என்னைப் பார்த்தாள். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

லூர்து பொய் சொல்கிறாள். அவ்வளவு வெளிச்சத்திலேயே சரியாகத் தெரிவதில்லை, இவளுக்குக் கூசுகிறதாம்.

ஆகஸ்ட் 21, புதன்

எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். லூர்து எனக்கு முன்னால் இருந்த செம்பை நகர்த்தி வைத்தாள், நான் தட்டிவிடுவேன் என்று. எதற்காக இந்தக் கரிசனம்? இவர்கள் கூடிப் பேசி ஏதோ முடிவு செய்திருக்கிறார்கள்.

கண் மங்கல் என்று ஊருக்குள் பேச்சுப் போனால் மறுநாளே மண்டிக்காரர் மூட்டையை வேறு வீட்டில் இறக்கிவிடுவார். குருவம்மாள் பார்த்த காய் என்று சொன்னது போய், குருவம்மாளுக்குக் காய் தெரியவில்லை என்பார்கள். இப்படி நடக்கும் என்று எழுதவில்லை. யாருக்காவது அப்படி ஆனால் என்ன ஆகும் என்பதை எழுதினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நாளைக்கு மருமகன் இறங்கி வருகிறார், மாயன் வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று சொல்ல.

சாயங்காலம் மாயனே வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. "வினோ சொன்னுச்சு அம்மாச்சி. கணக்குப் பாத்தேன். நான் வாட்டத்தான் பாத்தேன், ஆம்பியரப் பாக்கல. வெளக்க ஒருதரம் குடுங்க, சரி பண்ணிட்டுப் போயிர்றேன். அதுக்கப்புறம் வர மாட்டேன்."

புது ஐந்து வாட்டு வால்யூம் ஒன்றை மாட்டி, அதற்கு முன்னால் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ரெசிஸ்டர் ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தான். "இனிமே கடைசி வரைக்கும் திருகுனாலும் இது கரண்டத் தடுத்து நிறுத்திரும். எல்லைய மீறாது. யார் திருகுனாலும் கருகாது."

யார் என்று கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குமிழைத் திருகினேன். முக்கால். அதற்கு மேல். கடைசி வரை. குமிழ் முட்டி நின்றது. வாடை இல்லை, மினுக்கல் இல்லை. விளக்கு ஆடாமல் எரிந்தது.

ஆனால் வெளிச்சம் முன்பு இருந்ததில் பாதி. முறத்தில் காய் எது, நிழல் எது என்றே தெரியவில்லை. இன்னும் திருகிப் பார்த்தேன், குமிழ் நகரவில்லை.

லூர்து பக்கத்தில் வந்து குந்தினாள். என் உள்ளங்கையில் ஒரு காயை வைத்து, காதோரம் கேட்டாள்: "மதினி, இது பச்சையா, வெளுத்ததா?"

பச்சை என்று சொல்லியிருக்கலாம். வெளுத்தது என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்று சரியாகத்தானே இருக்கும். மாயன் ஸ்குரு டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். வினோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவன் இப்படியே போனால் நாளைக்கு ஊர் முழுக்க, வேலை தெரியாத பயல் என்று என் பேரால்தான் சொல்லும்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டவர்களுக்குத் தெரியும், இங்கே எழுத வேண்டியதில்லை.

வினோ வந்து கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். மறுபடி பிடித்தாள்.

"மொதல்லயே சொல்லிருந்தா பெரிய லைட்டாவே மாட்டிருப்பேனே அம்மாச்சி" என்றான் மாயன்.

"உங்கிட்ட எதுக்குடா சொல்லணும்? நீ டாக்டரா? ஒண்ணு தெரிஞ்சுக்க. குமிழுன்னு ஒண்ணு வச்சா, மனுசன் கடைசி வரைக்கும் திருகத்தான் செய்வான். முக்கால்ல நிறுத்துன்னு வாயால சொன்னா ஆச்சா? அத நெனச்சுல்ல செஞ்சிருக்கணும்."

"ஆமா அம்மாச்சி. அது என் தப்புதான்" என்றான். சிரித்தான். சிரித்த மாதிரிதான் இருந்தது.

"வினோ, உங்கப்பனுக்குப் போன் போடு. நாளைக்கு அங்க போக வேணாம்னு சொல்லு. ஞாயித்துக்கிழம வரும்போது மல்லிகைப்பூ நெருக்கமாக் கட்டுனதா வாங்கிட்டு வரச் சொல்லு. இங்க கட்டுறவன் நாருதான் தாரான்."

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூ வைத்தாயிற்று. மாயனின் அம்மா வினோ தலையில் பூ வைக்கும்போது எனக்கு ஒரே மங்கல். அழுகையால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

மதுரை கண்ணாஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன். இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம். புரை முற்றிப்போய்விட்டது, இத்தனை நாள் எப்படி நடமாடினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அவருக்கென்ன, சின்னப் பெண். இந்த டைரியில் கோடு நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். நான்தான் எல்லாப் பக்கத்திலும் கோட்டைத் தாண்டி ஏறி ஏறி எழுதியிருக்கிறேன்.

சேலை நீலம். நல்ல நீலம்.

மாயன் நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. இதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததாம். விசாரிக்க வேண்டும்.

மண்டியிலிருந்து மூட்டை வந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது லூர்துதான் கடைசிப் பார்வை பார்த்திருக்கிறாள். மண்டிக்காரர் ஒரு குறையும் சொல்லவில்லை. இன்று நான் பார்த்தேன். எல்லாம் கிளிப்பச்சை.

பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டுக் குமிழைத் திருகினேன். முக்காலுக்கு மேல் போனால் கண் கூசுகிறது. லூர்து சொன்னது உண்மைதான்.

அவளிடம் இதைச் சொல்லப் போவதில்லை.